பந்து பறக்கிறது! மைதானம் நீளுகிறது!

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. சனிக்கிழமை.

அன்று விடியற்காலையில் நம் நாட்டில் பல வீடுகளில் டெலிவிஷன் பெட்டி முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு கோல்ப் ஆட்டம் என்றால் என்ன என்றே தெரியாது. ஆனாலும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

ஜப்பானில் ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் கோல்ப் ஆடிக்கொண்டிருந்தார். வயது 23. உலகத்தில் முதல் வரிசையில் இருந்த பெண்களோடு சரிக்குச் சரியாக நின்றார். பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தவர் வேறு யாரும் அல்ல. அவரைப் பெற்ற தாயார்!

பதக்கம் கிடைத்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் நாலாவது இடம். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் கை நழுவிப் போயிற்று.

இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தப் போட்டியில் ஆடிய பெண்கள் 60 பேர். பந்தை எவ்வளவு தூரம் அடித்தார்கள் என்று வரிசைப்படுத்தினால், அதிதி கடைசி வரிசையில் நிற்பார். கொரோனா காய்ச்சல் கண்டு எழுந்த உடம்பு வேறு. மற்றப் பெண்கள் அடித்த பந்து முன்னால் போய் விழும். அதிதியின் பந்து பின்னால் கிடக்கும்.

அப்படியானால் நாலாவது இடம் எப்படிக் கிடைத்தது?

குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் கை தவறாது. பந்தைத் தட்டினால் குழியில்தான் விழும். இது முதல் காரணம். இதைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

இரண்டாவது காரணத்தை யாரும் எழுதவில்லை. அதே மைதானத்தில்தான் ஆண்களும் ஆடினார்கள். அவர்களுக்கு மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 7,450 கெஜம். பெண்களுக்கு ஏறக்குறைய 6,650 கெஜம். 800 கெஜத்தைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். குறைக்காமல் விட்டிருந்தால் அதிதியின் கைத் திறமை குழிப் பக்கம் வருவதற்கு முன்பே வீணாகியிருக்கும்.

நீளத்தை யாருக்கு எவ்வளவு வைப்பது? இதுதான் இப்பொழுது கோல்ப் உலகத்தில் நடக்கும் பெரிய சண்டை.

கோலியும் கோல்பும்

கோல்ப் பெரிய இடத்து விளையாட்டு. ஆனால் விஷயம் மிக எளிது. தெருவில் பையன்கள் கோலிக்குண்டை உருட்டிக் குழியில் தள்ளுகிறார்கள் அல்லவா? அதே கதைதான். குண்டுக்குப் பதில் வெள்ளைப் பந்து. விரலுக்குப் பதில் நீண்ட மட்டை. தெருவுக்குப் பதில் நூறு ஏக்கருக்கு மேல் புல்வெளி.

மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலம். சின்னச் சொம்பின் வாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் எங்கோ தூரத்தில் ஒரு தொடக்க மேடை இருக்கும். அதை ‘டீ’ என்கிறார்கள். குடிக்கும் டீ அல்ல! அந்த மேடையிலிருந்து அடித்து, மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் பந்தைப் போட்டவர் கெட்டிக்காரர். வழியில் மணல் குழி இருக்கும். குளம் குட்டை இருக்கும். உயரமான புல் இருக்கும்.

18 குழிகளின் தூரத்தையும் கூட்டினால் வருவதுதான் மைதானத்தின் நீளம். கெஜம் என்பது நம் பாட்டிமார் ஒன்பது கெஜப் புடவை என்று சொல்லும் அதே கெஜம்தான். மூன்று அடி.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. கல்கத்தாவில் 1829-ம் ஆண்டிலேயே கோல்ப் சங்கம் வைத்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள்.

சரி, தெருக் கோலிக்கு வருவோம். அண்ணன்மார் ஆடிக்கொண்டிருக்கும்போது ஆறு வயதுத் தம்பி வந்து, “நானும் ஆடுவேன்” என்று அழுகிறான். அண்ணன்மார் இரண்டில் ஒன்று செய்வார்கள். “நீ இங்கிருந்து போடு” என்று நாலு சாண் முன்னால் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆடுவான், கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

கோல்ப் மைதானங்கள் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெடுங்காலமாகச் செய்து வந்தது இரண்டாவது காரியம்!

தோளுக்கு மேல் தூக்காதே!

ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. கோல்ப் ஆட்டத்துக்கு அதுதான் தாய் வீடு. 18 குழி என்ற கணக்கும் அங்கேதான் பிறந்தது.

1867-ம் ஆண்டில் அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பெரிய மைதானத்தில் ஆண்களுக்குச் சமமாக நின்று அடிக்க வழியில்லை. ஆகவே பக்கத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் பந்தைத் தட்டித் தட்டி ஆடினார்கள். அந்த மேடு பள்ளத்துக்கு ‘இமயமலை’ என்று பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் தட்டி ஆடிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பெண்கள் பெரிய அடி அடிக்கக் கூடாதா?

கூடாது என்றுதான் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் நினைத்தார்கள். 1890-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான கோல்ப் புத்தகம் ஒன்றில் ஒரு பிரபு ஆலோசனை சொல்கிறார். பெண்கள் அடிக்கும் அடி எழுபது எண்பது கெஜத்தோடு நிற்க வேண்டுமாம். அதற்கு மேல் அடிக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. தெம்பு இருக்கலாம், ஆனால் அப்படி அடிக்கவேண்டுமானால் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும், அந்தக் கால உடையில் அது அழகாக இராது என்கிறார்!

உரலில் உலக்கை போட்ட நம் ஊர்ப் பெண்களை அந்தப் பிரபு பார்த்ததில்லை போலிருக்கிறது.

டாக்டர் போட்ட பாதை

மெக்கன்சி என்று ஒரு டாக்டர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இவர் பிறந்தது இங்கிலாந்தில், 1870-ல். தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது ராணுவ வைத்தியராகப் போனார். அங்கே எதிரிகள் பதுங்கு குழிகளை மண்ணோடு மண்ணாக மறைத்துவைத்த சாமர்த்தியத்தைப் பார்த்தார். அது அவர் மனத்தில் பதிந்தது. ஊர் திரும்பிய பிறகு வைத்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். கோல்ப் மைதானம் அமைப்பதே தொழிலாகிவிட்டது.

நோயாளிகளுக்கு மருந்தைவிட கோல்ப் நல்லது என்பது இவருடைய கட்சி. திறந்த வெளி, நல்ல காற்று, நடை, மனத்துக்குச் சந்தோஷம். இவை கிடைத்தால் பாதி நோய் போகும் என்று நம்பினார். ஆகவே சந்தோஷம் இல்லாத மைதானம் அவருக்குப் பிடிக்காது. ஆடுகிறவன் புல்லுக்குள் பந்தைத் தேடித் தேடி அலுத்துப்போகக் கூடாது என்பார்.

1920-ல் ஒரு புத்தகம் எழுதினார். சிறிய புத்தகம்தான். ஆனால் மைதானம் அமைக்கிறவர்கள் இன்னமும் அதைப் புரட்டுகிறார்கள். அதில் 13 விதிகள் சொல்லியிருக்கிறார். நமக்கு வேண்டியது ஒரே ஒரு விதி.

பலசாலி அடித்துத் தாண்டுவதற்கு ஆபத்தான இடங்கள் இருக்கட்டும். ஆனால் தாண்ட முடியாதவனுக்கு வேறு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் போனால் ஓர் அடியோ அரை அடியோ அதிகமாகும், அவ்வளவுதான். இதுதான் அந்த விதி.

ஆற்றைக் கடக்கத் தெரிந்தவன் நீந்தட்டும். தெரியாதவன் பாலத்தில் சுற்றிக்கொண்டு போகட்டும். பாலமே வைக்காமல் “நீந்து, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ” என்று சொல்லாதே என்றார் டாக்டர்.

கடலைத் தாண்டிய பெண்

இந்த விதிக்குக் கண்கண்ட சாட்சி அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் இருக்கிறது. சைப்ரஸ் பாயிண்ட் என்ற மைதானம். 1928-ல் திறந்தார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் அயர்லாந்தும் மோதும் வாக்கர் கோப்பைப் போட்டி அங்கேதான் நடந்தது.

அந்த மைதானத்தில் 16-வது குழியைப் பற்றிப் பேசாத கோல்ப் ஆட்டக்காரர் கிடையாது. தொடக்க மேடை ஒரு பாறையின் மேல். குழி எதிர்ப் பாறையின் மேல். நடுவில் பசிபிக் மகா சமுத்திரம்! கீழே அலை அடிக்கிறது. பந்து கடலைத் தாண்டிப் போய் விழவேண்டும்.

முதலில் அந்த இடத்தைப் பார்த்த மைதானக் கலைஞர் ஒருவர், “தூரம் அதிகம். கடலைத் தாண்டி யாரும் அடிக்க முடியாது” என்று வருத்தப்பட்டாராம். அவர் 1926-ல் இறந்துபோனார். பிறகுதான் வேலை டாக்டர் மெக்கன்சி கைக்கு வந்தது.

அந்த மைதானத்தை உண்டாக்கும் காரியத்தை முன்னின்று நடத்தியவர் ஒரு பெண். மேரியன் ஹாலின்ஸ் என்று பெயர். 1921-ம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் கோல்ப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். “முடியாதா? ஏன் முடியாது?” என்றார் அந்த அம்மாள். பாறை மேல் ஒரு பந்தை வைத்தார். ஓங்கி அடித்தார். பந்து கடலைத் தாண்டிப் போய், இப்போது குழி இருக்கும் இடத்தின் நடுவில் விழுந்தது!

இந்தக் குழிக்குப் பெருமை என்னைச் சேராது, அந்த அம்மாளைச் சேரும் என்று மெக்கன்சியே எழுதிவைத்திருக்கிறார்.

கதை இதோடு முடியவில்லை. மேரியன் ஹாலின்ஸ் பலசாலி. அவர் தாண்டினார். மற்றவர்கள்? அதற்காகத்தான் டாக்டர் இடப் பக்கத்தில் ஒரு திண்டு நிலத்தைத் திறந்து வைத்தார். அந்தப் பக்கம் கடலைத் தாண்டவேண்டிய தூரம் குறைவு. அங்கே பந்தைப் பத்திரமாகப் போட்டுவிட்டு, அடுத்த அடியில் குழிப் பக்கம் போகலாம். ஓர் அடி அதிகம். ஆனால் பந்து கடலில் போகாது.

துணிந்தவன் நேராகப் போகிறான். துணியாதவன் சுற்றிப் போகிறான். இரண்டு பேரும் ஒரே குழியில், ஒரே நாளில், பேசிச் சிரித்துக்கொண்டு ஆடுகிறார்கள். டாக்டர் மெக்கன்சியின் வித்தை இதுதான்.

கொஞ்சம் கணக்கு

இப்போது வாசகர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவனையே போடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கோல்பையே தொழிலாகக் கொண்ட ஆண்கள் 1980-ல் சராசரியாக 257 கெஜம் அடித்தார்கள். இப்போது ஏறக்குறைய 300 கெஜம் அடிக்கிறார்கள். உடம்பைத் தேற்றிக்கொண்டது ஒரு காரணம். மர மட்டை போய் டைட்டானியம் மட்டை வந்தது இன்னொரு காரணம். பந்தும் மாறிவிட்டது.

வேலை நேரம் போக ஓய்வில் ஆடும் சாதாரண ஆண்? பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி ஏறக்குறைய 215 கெஜம். சாதாரணப் பெண்? ஏறக்குறைய 150 கெஜம்.

தொழில் ஆட்டக்காரர் 7,400 கெஜ மைதானத்தில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே சிரமம், அதே சுகம் 150 கெஜம் அடிக்கும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமானால் மைதானம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்?

பாதி. 3,700 கெஜம்!

ஆனால் அமெரிக்காவில் பல மைதானங்களில் மிக முன்னால் உள்ள மேடையிலிருந்து அளந்தாலே 5,000 கெஜத்துக்கு மேல் வருகிறது. அங்கே அந்தப் பெண் ஆடுவது, 300 கெஜம் அடிக்கும் ஆணை 10,000 கெஜ மைதானத்தில் ஆடவிடுவதற்குச் சமம். அப்படி ஒரு மைதானத்தில் எந்தத் தொழில் ஆட்டக்காரராவது ஆடச் சம்மதிப்பாரா? கோர்ட்டுக்கே போய்விடுவார்!

இன்னொரு விதமாகப் பாருங்கள். 400 கெஜம் உள்ள ஒரு குழி. பலசாலி 300 கெஜம் அடித்துவிட்டு, மீதி 100 கெஜத்தைப் பூப்போலத் தட்டிவிடுகிறார். சாதாரணப் பெண் முதல் அடியில் 150 போகிறார். இரண்டாவது அடியில் மொத்தம் 280 போகிறார். இந்த 280 என்பது நான் சொல்லும் கணக்கு அல்ல. மைதானங்களின் கடினத்தை அளப்பதற்கு அமெரிக்க கோல்ப் சங்கமே வைத்திருக்கும் கணக்கு. மூன்றாவது அடியும் பலமாக அடித்தால்தான் குழிப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். 18 குழிகளிலும் இதே கதை என்றால் மூன்றாம் வாரம் அந்த அம்மாள் மட்டையைப் பரணில் போட்டுவிடுவார். வயது 70 ஆன அவர் கணவரும் அடுத்த ஆண்டில் போட்டுவிடுவார்.

கணவர் கட்டினார், மனைவி திருத்தினார்

இந்த அநியாயத்தை எதிர்த்து ஆயுள் முழுவதும் பேசியவர் ஆலிஸ் டை என்ற அமெரிக்க அம்மையார். பிறந்தது 1927-ல். கோல்பில் பெரிய கெட்டிக்காரி. இண்டியானா மாகாணத்துப் பெண்கள் போட்டியில் ஒன்பது முறை வென்றவர்.

இவருடைய கணவர் பீட் டை. இன்ஷ்யூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். 1950-ல் கல்யாணம். பிறகு இருவரும் சேர்ந்து மைதானம் அமைக்கும் தொழிலில் இறங்கினார்கள். 1963-ல் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பழைய மைதானங்களை எல்லாம் காலால் அளந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

பீட் டை கடினமான மைதானம் போடுவதில் பேர் போனவர். தொழில் ஆட்டக்காரர்களே அவர் மைதானத்தைக் கண்டு முணுமுணுத்தார்கள். ஆலிஸ் அம்மாள் எதிர்ப் பக்கம். “நீங்கள் ஊரில் உள்ள நாலு பயில்வான்களுக்காகக் கட்டுகிறீர்கள். மற்ற ஜனங்கள் எங்கே போவது?” என்ற கேள்வி அந்த வீட்டில் ஓயாமல் எழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதற்கு முன் பெண்களுக்கான மேடை என்பது எப்படி இருந்தது? மைதானம் முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, மறந்துபோன சாமான் மாதிரி, எங்கேயாவது ஒரு மூலையில் சின்னத் திட்டு ஒன்றைப் போடுவார்கள். சாய்வாக இருக்கும். புல் இருக்காது. நேர் எதிரே மரம் நிற்கும். ஆலிஸ் அம்மாள் இதை ஒப்பவில்லை. முன் மேடையையும் பின் மேடையைப் போலவே படத்தில் வரைந்து கட்டவேண்டும் என்றார். பெண்களுக்கு ஒரு மேடை போதாது, இரண்டு வேண்டும் என்றார். ஆண்களில் பலசாலியும் சாதாரண ஆளும் இருப்பதுபோலப் பெண்களிலும் உண்டு அல்லவா?

1983-ல் அமெரிக்க கோல்ப் மைதானக் கலைஞர் சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தில் முதல் பெண் இவர்தான். 1997-ல் அதற்குத் தலைவராகவும் ஆனார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புளோரிடாவில் சாகிராஸ் என்ற இடத்தில் சதுப்பு நிலம் 415 ஏக்கரை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, பீட் டையிடம் கொடுத்தார்கள். 17-வது குழியைச் சுற்றி நல்ல மணல் கிடைத்தது. தோண்டித் தோண்டி வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் குழி இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றிப் பெரிய பள்ளம். என்ன செய்வது என்று கணவர் விழித்தார். “தண்ணீரை நிரப்பிவிடுங்கள்!” என்றார் மனைவி. அப்படிப் பிறந்ததுதான் உலகத்தையே நடுங்க வைக்கும் தீவுக் குழி. சுற்றிலும் தண்ணீர், நடுவில் புல் தரை!

எளியவர்களுக்காகப் பேசிய அம்மாள் இப்படிச் செய்யலாமா? தூரத்தைப் பாருங்கள். பின் மேடையிலிருந்தே 137 கெஜம்தான். முன் மேடைகள் இன்னும் பக்கம். ஆண்பிள்ளைப் பலம் அங்கே செல்லாது. குறி தப்பாத கைதான் வேண்டும். அதிதி அசோக் போன்றவர்களுக்கு ஏற்ற குழி அது.

ஆலிஸ் டை 2019-ல் காலமானார். அடுத்த ஆண்டில் கணவரும் போய்விட்டார்.

மேடையை நகர்த்தினால் போதுமா?

போதாது!

குறைந்த பலத்தோடு அடித்த பந்து தாழ்வாகப் பறக்கும். தரையில் விழுந்து ஓடும். பலசாலியின் பந்து வானத்தில் ஏறி, குழிக்குப் பக்கத்தில் விழுந்து, அங்கேயே நிற்கும். ஆகவே குழித் தரைக்கு நேர் முன்னால் மணல் குழியோ குளமோ வெட்டினால் யாருக்குத் தண்டனை? ஓடி வரும் பந்துக்குத்தான்! பறந்து வரும் பந்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குழித் தரைக்கு முன்னால் வாசல் மாதிரி ஒரு வழியைத் திறந்துவிட்டு, மணலைப் பக்கவாட்டில் வைத்தால் உருண்டு வரும் பந்தும் வீடு வந்து சேரும். பழைய ஸ்காட்லாந்து மைதானங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

தண்ணீர் பாய்ச்சுவதிலும் விஷயம் இருக்கிறது. டெலிவிஷனில் பச்சைப் பட்டு விரித்த மாதிரி மைதானத்தைப் பார்த்துவிட்டு, எல்லாச் சங்கங்களும் அப்படியே வேண்டும் என்று ஆசைப்படுகின்றன. தண்ணீரைக் கொட்டுகிறார்கள். புல் பச்சையாகிறது, தரை மெத்தையாகிறது. விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. குறைந்த தூரம் அடிக்கிறவருக்குக் கிடைத்துவந்த முப்பது கெஜ ஓட்டமும் போயிற்று. கொஞ்சம் காய்ந்த, கெட்டியான தரைதான் அவருக்கு நண்பன். தண்ணீரும் மிச்சம். நீளத்தைக் கூட்டக் கூட்ட நிலம், தண்ணீர், உரம், வெட்டுக்கூலி எல்லாம் கூடுகிறது. அதெல்லாம் ஆடுகிறவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் வந்து விடிகிறது.

வீம்பு என்று ஒரு தடை உண்டு. எல்லாவற்றிலும் பெரிய தடை அதுதான் என்று நினைக்கிறேன். முன் மேடைக்கு ‘பெண்கள் மேடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 180 கெஜம் அடிக்கும் ஐம்பது வயதுக்காரர் அங்கே போய் நிற்பாரா? மானம் போய்விடுமே! பின் மேடையிலேயே நின்று அடித்து, பந்தைத் தொலைத்து, பின்னால் வருகிறவர்களையும் காக்கவைப்பார். ஆனாலும் நகரமாட்டார்.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 2011-ல் அமெரிக்காவில் ‘முன்னால் வந்து ஆடுங்கள்’ என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். பார்னி ஆடம்ஸ் என்ற மட்டைத் தொழிலதிபர் கொடுத்த யோசனை. ஆணா, பெண்ணா, வயது என்ன என்று கேட்கவே வேண்டாம். பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் கேளுங்கள் என்றார்கள். 225 கெஜம் அடித்தால் 5,800 முதல் 6,000 கெஜம் உள்ள மைதானம். 150 கெஜம் அடித்தால் 3,500 முதல் 3,700 கெஜம். நாம் மேலே போட்ட கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒத்துவருவதைப் பார்க்கலாம்.

வட கரோலினா மாகாணத்தில் லாங்லீப் என்ற மைதானத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏழு மேடைகள். பழகும் இடத்தில் வண்ணம் அடித்த கம்பங்களை நட்டுவைத்தார்கள். ஆட வருகிறவர் முதலில் அங்கே நாலு பந்து அடிக்கிறார். பந்து எந்த வண்ணக் கம்பத்தை எட்டுகிறதோ, அந்த வண்ண மேடைதான் அவருக்கு. பாட்டியும் பேரனும் ஒரே மேடையில் நிற்கலாம். தாத்தாவுக்கு முன்னால் பேத்தி நிற்கவேண்டும் என்பதும் இல்லை. பெயரை எடுத்ததும் பாதி வீம்பு போயிற்று!

பந்துக்குக் கடிவாளம்

இதற்கிடையில் ஆட்ட விதிகளை வகுக்கும் இரண்டு பெரிய சங்கங்கள், ஸ்காட்லாந்தில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, 2023 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டன. மைதானம் நீண்டது போதும். இனிப் பந்தைக் கட்டுப்படுத்துவோம் என்றன.

பந்தைச் சோதிக்க ஓர் இயந்திரம் இருக்கிறது. மணிக்கு 120 மைல் வேகத்தில் அது அடிக்கும். பந்து 317 கெஜத்துக்கு மேல் போகக் கூடாது; போனால் 3 கெஜம் மன்னிப்பு உண்டு. புதிய உத்தரவுப்படி இயந்திரம் 125 மைல் வேகத்தில் அடிக்கும். ஆனால் பந்து போகும் எல்லை அதேதான். அதாவது, பந்து கொஞ்சம் மந்தமாக வேண்டும். தொழில் ஆட்டக்காரர்களுக்கு 2028-லும் மற்றவர்களுக்கு 2030-லும் அமலுக்கு வரும் என்று அன்றைய அறிவிப்பில் தேதி குறித்தார்கள்.

நீண்ட தூரம் அடிக்கும் ஆண்களுக்கு 13 முதல் 15 கெஜம் குறையும். சாதாரண ஆட்டக்காரருக்கு 5 கெஜமோ அதற்கும் குறைவோ குறையும். இது சங்கங்கள் சொன்ன கணக்கு.

அமெரிக்கத் தொழில் ஆட்டக்காரர் அமைப்புகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பயில்வான்கள் செய்த காரியத்துக்கு ஊர் முழுவதையும் ஏன் தண்டிக்கவேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 300 கெஜம் அடிப்பவருக்கு 5 கெஜம் தூசி. 150 கெஜம் அடிக்கும் அம்மாளுக்கு 5 கெஜமும் 5 கெஜம்தான்.

ஆனால் கடிவாளம் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அகஸ்டாவைப் பார்க்கலாம். ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள அந்த மைதானத்தை பாபி ஜோன்ஸ் என்ற மகா ஆட்டக்காரரோடு சேர்ந்து அமைத்தவர் நம்முடைய டாக்டர் மெக்கன்சிதான். சாதாரண ஆட்டக்காரனுக்குச் சந்தோஷம், நிபுணனுக்குச் சோதனை; இதுதான் இருவரும் வைத்துக்கொண்ட குறி. அகலமான பாதைகள் போட்டார்கள். மணல் குழிகளை மிகவும் குறைத்தார்கள். 1934 ஜனவரியில் டாக்டர் இறந்துபோனார். அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த முதல் மாஸ்டர்ஸ் போட்டியைப் பார்க்க அவர் இல்லை. அப்போது மைதானம் இவ்வளவு நீளம் இல்லை. 2024 போட்டியில் 7,555 கெஜம்!

13-வது குழி 510 கெஜமாக இருந்தது. பயில்வான்கள் அதை விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். மேடையைப் பின்னால் தள்ள இடம் இல்லை. பின்னால் இருந்தது அடுத்த சங்கத்தின் நிலம். 2017-ல் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கினார்கள். 2023 போட்டிக்கு மேடை 35 கெஜம் பின்னால் போயிற்று. இப்போது 545 கெஜம்.

அந்தப் பின் மேடை மாஸ்டர்ஸ் போட்டிக்காரர்களுக்கு. அகஸ்டா சங்கத்தின் உறுப்பினர்கள், பெரிய பெரிய கோடீசுவரர்கள், தாங்கள் ஆடுவதற்கு வேறு மேடை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அளந்தால் மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 6,365 கெஜம்தான்.